விஎம்மில் மென்பொருள் எழவில்லையா? இவற்றைச் செய்யாதீர்கள்

எங்கள் டீமுக்குப் புதிதாக வருகிறவர்கள், விஎம்மில் (ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய மெய்நிகர் கணினியில்) ஏதாவது ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஒரே வழியில்தான் போகிறார்கள்: ரீஸ்டார்ட், அப்புறம் ரீஇன்ஸ்டால். டிஸ்க் நிறைந்தது, போர்ட் மோதல் போன்றவற்றை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

சிபியூவைப் பார்க்காமல் ரீஇன்ஸ்டால் செய்வது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஒரு தம்பி புது விஎம்மில் மோங்கோடிபி 6 என்ற டேட்டாபேஸ் மென்பொருளைப் போட்டார். சர்வீஸ் எழவே இல்லை. திரும்பத் திரும்ப இன்ஸ்டால் செய்து பார்த்துவிட்டு, டேட்டாதான் கெட்டிருக்கிறது என்று முடிவுகட்டி அந்த ஃபோல்டரையே அழித்துவிட்டார். அந்த டேட்டா முன்பு இருந்த பழைய சர்வரை அதற்குள் கலைத்தாகிவிட்டது. முந்தைய இரவின் பேக்கப் இருந்தது. அன்றைய பதிவுகள் போனது போனதுதான்.

டேட்டாவில் எந்தக் கோளாறும் இல்லை. லாக்கில் முதல் தடவையே ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்று வந்திருந்தது. அதாவது, மென்பொருள் கேட்கும் கட்டளை அந்த சிபியூவுக்குத் தெரியவில்லை. 2021இல் வந்த மோங்கோடிபி 5.0 முதல், இன்டெல், ஏஎம்டி சிபியூக்களில் ஏவிஎக்ஸ் என்ற கட்டளைத் தொகுப்பு கட்டாயம். இன்டெல் சிபியூக்களில் அது 2011இலேயே வந்துவிட்டது. அந்த விஎம் ஓடிய ஹோஸ்ட் கணினியிலும் இருந்தது. ஆனால் விஎம்களை ஓட்டும் மென்பொருளான ப்ராக்ஸ்மாக்ஸில் பழைய டீஃபால்ட் சிபியூ டைப்பான கேவிஎம்64 அதை விஎம்முக்குக் காட்டாது. ப்ராக்ஸ்மாக்ஸ் 8.0 முதல் டீஃபால்ட்டாக வரும் எக்ஸ்86-64-வி2-ஏஇஎஸ்ஸும் காட்டாது.

விஎம்முக்குள் எல்எஸ்சிபியூ கட்டளை கொடுத்து, ஃப்ளாக்ஸ் வரியில் ஏவிஎக்ஸ் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் சிபியூ டைப்பை ‘ஹோஸ்ட்’ என்று மாற்றுங்கள். வெவ்வேறு தலைமுறை சிபியூக்கள் உள்ள கிளஸ்டரில் லைவ் மைக்ரேஷன் (ஓடும் விஎம்மை நிறுத்தாமல் வேறு ஹோஸ்ட்டுக்கு நகர்த்துவது) வேண்டுமென்றால், எல்லா சிபியூக்களும் தாங்கும் பட்சத்தில் எக்ஸ்86-64-வி3 டைப் நல்லது. மாற்றியபின் விஎம்முக்குள்ளிருந்து ரீபூட் கொடுத்தால் போதாது. முழுக்க ஷட்டவுன் செய்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள்.

வெளியேறும் எண்ணைப் படிக்காமல் விடுவது

கன்டெய்னர் (மென்பொருளைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி) நின்றுபோய், வெளியேறும் எண் 132 என்று காட்டினால் மேலே சொன்ன சிபியூ பிரச்சினை. 137 என்றால் பெரும்பாலும் மெமரி தீர்ந்திருக்கும்.

ஸ்னாப்ஷாட் எடுக்காமல் கைவைப்பது

ஸ்னாப்ஷாட் (விஎம்மின் அப்போதைய நிலையின் நகல்) இல்லாமல் எதையும் மாற்றவே வேண்டாம்.

கிராஃபிக்ஸை மறப்பது

விண்டோஸ் விஎம்மில் சரியான டிஸ்ப்ளே டிரைவர் இல்லையென்றால் ஓபன்ஜிஎல் (கிராஃபிக்ஸ் வரைய மென்பொருள்கள் பயன்படுத்தும் இடைமுகம்) 1.1தான் கிடைக்கும். 3டி மென்பொருளான பிளெண்டர் 4.0 கேட்பது ஓபன்ஜிஎல் 4.3. விஎம்மை ஓட்டுவது விர்ச்சுவல்பாக்ஸ் என்றால் முதலில் அதன் டிரைவர் தொகுப்பான கெஸ்ட் அடிஷன்ஸை விஎம்முக்குள் போட்டு, 3டி ஆக்சிலரேஷனை ஆன் செய்யுங்கள். அப்போதும் 4.3ஐ எட்டவில்லை என்றால் பிளெண்டரை ஹோஸ்ட்டிலேயே ஓட்டுங்கள்.