சேற்றில் கிடக்கும் மகரந்தத்தால் பழங்கால வேளாண்மையைக் கண்டறியும் முறை

பினாங்கின் குவார் கெப்பாவில் 2017ஆம் ஆண்டு கிடைத்த ‘பினாங்குப் பெண்’ணின் எலும்புக்கூடு ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. அங்குள்ள சிப்பி மேடுகள் அம்மக்களின் உணவைக் காட்டுகின்றன. அவர்கள் காட்டைத் திருத்தினார்களா, பயிரிட்டார்களா என்பதை அறிய மகரந்தத்தையும் நாட வேண்டும்.

ஆனால் மேட்டிலேயே தோண்டாதீர்கள். காற்றோட்டமுள்ள, சுண்ணாம்பு மிகுந்த சிப்பிக் குவியலில் மகரந்தம் சிதைந்துவிடும்; காற்றுப் புகாத ஈரச் சேற்றில்தான் அதன் உறுதியான வெளிச்சுவர் பல்லாயிரம் ஆண்டுகள் நிலைக்கும். ஆகவே அருகிலுள்ள சதுப்பில் குழாய்த் துளைக்கருவியால் சேற்றுத் தூணை எடுத்து, புறப்பரப்பைச் சுரண்டி நீக்கியபின், ஐந்து அல்லது பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரு கன சென்டிமீட்டர் வீதம் மாதிரி எடுக்கலாம். காலத்தைக் கணிக்கும் கதிரியக்கக் கரிமச் சோதனைக்கு விதையையோ இலைத்துணுக்கையோ அனுப்புங்கள். மேலிருந்து இறங்கிய வேர், அடுக்கின் வயதைக் குறைத்துக் காட்டும்.

மகரந்தத்தைப் பிரித்தெடுக்க மாதிரியிலுள்ள மணலைக் கரைக்கப் பயன்படும் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் தோலை ஊடுருவி எலும்பையே பாதிக்கும். பயிற்சி பெற்றவரும் உரிய ஆய்வகமும் இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

நுண்ணோக்கியில் 400 மடங்கு பெருக்கத்தில் பார்க்கும்போது, புல்லின் மகரந்தம் ஒரே துளையும் அதைச் சுற்றித் தடித்த வளையமும் கொண்ட உருண்டையாகத் தெரியும். ஒவ்வொரு மாதிரியிலும் குறைந்தது 300 துகள்களை எண்ணி, வகைவாரியாக விழுக்காடு கண்டு, ஆழத்திற்கு எதிராக வரைபடமாக்குங்கள். 1916இல் சுவீடன் நாட்டுப் புவியியலாளர் லென்னார்ட் வான் போஸ்ட் முன்வைத்த முறையின் அடிப்படை இதுவே.

மிகுந்த நிதானம் வேண்டியது இதற்குப் பிறகுதான். நெல்லும் லாலான் என்னும் காட்டுப்புல்லும் ஒரே புல் குடும்பத்தவை. சாதாரண நுண்ணோக்கியில் நெல்லின் மகரந்தத்தைக் காட்டுப்புற்களின் மகரந்தத்திலிருந்து உறுதியாகப் பிரித்தறிய இயலாது. அன்றியும் நம் மழைக்காட்டு மரங்களில் பெரும்பாலானவை பூச்சிகளையும் பிற உயிர்களையும் நம்பி மகரந்தச் சேர்க்கை நடத்துவதால் குறைவாகவே தூவுகின்றன. காற்றை நம்பிய புல்லோ உள்ள அளவைவிட மிகையாகத் தெரியும். பாக்காவ் எனப்படும் கடலோரச் சதுப்பு மரத்தின் மகரந்தம் குறைந்து புல் பெருகினால், அது கடல் பின்வாங்கியதன் விளைவாகவும் இருக்கலாம். இக்கரையில் அக்காலக் கடல்மட்டம் இன்றையதைவிடச் சில மீட்டர் உயர்ந்திருந்தது.

எனவே புல்லோடு கரித்துகளும், வெட்டவெளியில் முதலில் முளைக்கும் மக்கராங்கா போன்ற மரங்களின் மகரந்தமும் ஒரே அடுக்கில் கூடுகின்றனவா என்று பாருங்கள். அவை கூடினாலும் காடு திறக்கப்பட்டது என்றுதான் எழுதலாம். நெல் விளைந்தது என்று எழுத, அதே அடுக்கில் நெல் உமிக்கே உரிய இரட்டை முகட்டுச் சிலிக்காத் துகளும் கிடைத்தாக வேண்டும்.