கணையப் புற்றுநோய்: ஆப்பரேஷனுக்கு முந்தைய மாதங்களில் நடக்கும் தவறுகள்

கணையத் தலையில் கட்டி என்று தெரிந்தவுடன் வீட்டில் எல்லாரும் கேட்பது, "எப்போது ஆப்பரேஷன்?" டாக்டர் "முதலில் கீமோ, பிறகு பார்ப்போம்" என்றால் முகம் வாடிவிடுகிறது. கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்துச் சிலர் வேறு இடம் தேடுகிறார்கள். சிலர் மருத்துவமனைப் பக்கமே திரும்புவதில்லை. முதல் தவறு இதுதான்.

கணையத் தலையை ஒட்டியே, குடலிலிருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய சிரையும், குடலுக்கு ரத்தம் தரும் தமனியும் ஓடுகின்றன. கட்டி தமனியின் சுற்றளவில் பாதிவரை ஒட்டியிருந்தால் அது எல்லைக்கோட்டுக் கட்டி, அதாவது வெட்டலாம், வெட்ட முடியாது என்ற இரண்டுக்கும் நடுவில் நிற்பது. பாதிக்கு மேல் சுற்றிவிட்டால் உடனே வெட்ட முடியாது. அவசரப்பட்டு வெட்டினால் ஓரத்தில் புற்று மிஞ்சும். அதோடு, கணையத் தலையை எடுக்கும் விப்பிள் எனப்படும் பெரிய ஆப்பரேஷனுக்குப் பிறகு பலருக்குக் கீமோ தாங்கும் தெம்பு வருவதில்லை. நெதர்லாந்தில் 246 பேரிடம் நடந்த பிரியோபேங்க் ஆய்வில், கீமோவும் கதிர்வீச்சும் முதலில் பெற்றவர்களில் 20.5 விழுக்காட்டினர் 5 ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். நேராக ஆப்பரேஷனுக்குப் போனவர்களில் அது 6.5 விழுக்காடு.

ஆனால் ரத்தக்குழாயைத் தொடாத கட்டிக்கு நேரடி ஆப்பரேஷன் இன்றும் நல்ல வழிதான். 2024-இல் வெளிவந்த நோர்பாக்ட்-1 ஆய்வில், அப்படிப்பட்டவர்களுக்குக் கீமோவை முன்னால் கொடுத்ததில் ஆதாயம் தெரியவில்லை. அதனால் டாக்டரிடம் கேட்க வேண்டியது: "கட்டி எந்தக் குழாயைத் தொடுகிறது, எவ்வளவு சுற்றியிருக்கிறது?"

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் இருப்பவர் ஒரு மருத்துவமனையில் ஸ்கேன், இன்னொன்றில் கீமோ, ஆப்பரேஷனுக்குச் செலாயாங் மருத்துவமனை என்று அலைய வேண்டி வரலாம். ரிப்போர்ட் தாளை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். ஸ்கேன் படங்கள் பதிந்த சிடி தட்டையும் கேட்டு வாங்குங்கள். சர்ஜன் குழாயைத் தன் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

மஞ்சள்காமாலை, ஸ்டென்ட், காய்ச்சல்

கட்டி பித்தக்குழாயை அடைத்தால் கண் மஞ்சளாகும், சிறுநீர் கோப்பி நிறத்தில் போகும், மலம் வெளுக்கும், உடம்பெல்லாம் அரிக்கும். மஞ்சளுக்குக் காரணமான பிலிருபின் என்ற பித்த நிறமி இறங்காமல் கீமோ தொடங்க முடியாது, குறிப்பாக இரினோடிகான் என்ற கீமோ மருந்து ஈரல் வழியாக வெளியேற வேண்டியது. அதனால் எண்டோஸ்கோப் வழியாகக் பித்தக்குழாயில் ஸ்டென்ட் என்ற சிறு குழலை வைக்கிறார்கள். இயன்றவரை கணையத்துக்கான சிடி ஸ்கேன் ஸ்டென்டுக்கு முன்பே முடிய வேண்டும். வைத்த பிறகு வரும் வீக்கம் படத்தைக் கலக்கிவிடும்.

எந்த வகை ஸ்டென்ட் என்று கேட்டு எழுதி வையுங்கள். பிளாஸ்டிக் என்றால் ஏறக்குறைய மூன்று மாதத்தில் அடைக்கும், மாற்றும் தேதி கையில் இருக்க வேண்டும். உலோக ஸ்டென்ட் அதைவிட நெடுநாள் தாங்கும், பல மாதம் கீமோ போகிறவர்களுக்கு அதுவே ஏற்றது. கட்டியைக் கண்காணிக்க எடுக்கும் சிஏ 19-9 என்ற ரத்த அளவும் மஞ்சள்காமாலையில் பொய்யாக ஏறும். அந்த எண்ணைப் பார்த்து யாரும் இடிந்துபோக வேண்டாம், பிலிருபின் இறங்கிய பிறகு எடுப்பதே கணக்கு. சிலருடைய உடம்பு இந்தப் பொருளைச் சுரப்பதே இல்லை, அவர்களிடம் அது எப்போதும் குறைவாகவே காட்டும்.

இனிச் சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது. கீமோ காலத்தில் 38 டிகிரி காய்ச்சல் என்றால் பனடோல் போட்டுவிட்டுக் காலைவரை பார்க்கக் கூடாது. காய்ச்சலுக்குக் காரணம் வெள்ளணு குறைந்ததால் வந்த தொற்றாக இருக்கலாம், ஸ்டென்ட் அடைத்துப் பித்தக்குழாய் சீழ்ப்பிடித்ததாகவும் இருக்கலாம். இரண்டுமே சில மணி நேரத்தில் ரத்த அழுத்தத்தைச் சரித்துவிடும். பனடோல் சூட்டை மறைக்குமே தவிர தொற்றைத் தொடாது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் என்றால் நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போய், வாசலிலேயே "கீமோ எடுக்கிறார், ஸ்டென்ட் இருக்கிறது" என்று சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். வீட்டில் தெர்மாமீட்டர் இல்லாமல் கீமோவே தொடங்கக் கூடாது.

மருந்து ஏறும் நாள்கள்

ஃபோல்ஃபிரினாக்ஸ் என்ற கூட்டு மருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அதில் ஒரு மருந்து 46 மணி நேரம் சிறு பம்ப் வழியாக ஏறும், அதோடு வீட்டுக்கு வரலாம். பலூன் வகைப் பம்ப் சூட்டில் வேகமாக ஓடும், அதனால் வெயிலிலும் அடுப்படியிலும் நிற்காதீர்கள். குழாயின் முனையை நர்ஸ் தோலில் ஒட்டிய இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

அதே கூட்டில் உள்ள ஆக்சாலிபிளாட்டின் ஏறிய பிறகு சில நாள் குளிர்ச்சி ஆகாது. ஐஸ் போட்ட சிராப்பை ஒரு மடக்குக் குடித்தாலே தொண்டை இறுகி மூச்சு நின்றதுபோல் ஆகும். தே ஐஸ், ஐஸ் கச்சாங் வேண்டாம். குளிர்பெட்டியில் வெறுங்கையை விடாதீர்கள்.

அந்தக் கூட்டில் உள்ள இரினோடிகானால் வரும் வயிற்றுப்போக்கை லேசாக எடுக்காதீர்கள். புற்றுநோய் டாக்டர் லோபெரமைட் கொடுத்திருந்தால், பெரும்பாலும் சொல்வது இது: முதல் தண்ணீர்ப் போக்கிலேயே 4 மில்லிகிராம், பிறகு 12 மணி நேரம் போக்கு நிற்கும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 2 மில்லிகிராம். அட்டையில் அச்சடித்த அளவு இதைவிடக் குறைவு. அதைப் பார்த்துக் குறைத்துப் போடுவதால்தான் பலர் நீர் வற்றிப் படுக்கையில் விழுகிறார்கள். ஒரு நாளுக்கு மேல் நீடித்தால், அல்லது காய்ச்சலும் சேர்ந்தால், மருத்துவமனைதான்.

தைப்பூசம், கல்யாணம் என்று சொல்லாமல் தேதியைத் தவறவிடுவது வேண்டாம். முன்கூட்டிச் சொன்னால் இரண்டு மூன்று நாள் தள்ளித் தர வழி இருக்கும்.

கஞ்சி போதாது

நோயாளிக்குக் கஞ்சிதான் என்ற எண்ணம் அன்பில் வருவது, ஆனால் தசை கரைந்தவர் ஆப்பரேஷனைத் தாங்க மாட்டார். எடை ஒரு கிலோவுக்கு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. 60 கிலோ உள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் கெம்போங் மீனிலும் அதே அளவு தெம்பேயிலும் 20 கிராமுக்கு அருகில். வெறும் கஞ்சியில் சில கிராம்தான்.

நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறார், மலம் எண்ணெய் மிதந்து கழுவினாலும் போகவில்லை என்றால் கணைய நொதி பற்றாக்குறை. அதற்குத்தான் கிரியோன் மாத்திரை. பெரும்பாலான தவறு சாப்பிட்டு முடித்த பிறகு போடுவது. 25,000 அளவுள்ள மாத்திரையை முழுச் சாப்பாட்டுக்கு இரண்டு, அதாவது முதல் வாயோடு ஒன்று, நடுவில் ஒன்று. பால் சேர்த்த மைலோவுக்கும் பிஸ்கட்டுக்கும் ஒன்று. ரொட்டி சானாய், ஆட்டுக்கறி போன்ற கொழுப்பு அதிகமான சாப்பாட்டுக்குக் கூட்ட வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சூடான பானத்தோடு விழுங்கினால் நொதி கெடும். வெயிலில் நிற்கும் காரில் வைத்தாலும் கெடும். அது பன்றிக் கணையத்திலிருந்து எடுப்பது, சைவமாக இருப்பவர்கள் முன்பே பேசி முடிவெடுக்கட்டும்.

வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் டெக்சாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றும். அந்த நாள்களில் வீட்டில் குத்திப் பாருங்கள், 15 மில்லிமோலைத் (mmol/L) தாண்டியே நின்றால் கிளினிக்குக்குச் சொல்லுங்கள்.

சபா ஸ்நேக் கிராஸ், டுரியான் பெலாண்டா இலைச்சாறு எடுப்பதாக இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். இவை கணையப் புற்றைக் குறைத்ததாக மனிதரிடம் நிரூபணமில்லை. ஈரல் அளவு ஏறினால் எது காரணம் என்றே தெரியாமல் கீமோ நின்றுபோகும். சிகரெட் இரினோடிகானின் வலுவைக் குறைக்கிறது, ஆப்பரேஷனுக்குக் குறைந்தது நான்கு வாரத்துக்கு முன்பே விட வேண்டும்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் தைலம் தேய்க்காமல் காட்டுங்கள். இந்த நோயில் ரத்தம் உறைவது அதிகம், உறைந்தது நுரையீரலுக்குப் போனால் ஆபத்து.

ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மறு ஸ்கேன் எடுப்பார்கள். "கட்டி சுருங்கவில்லை" என்ற வரியைப் படித்து, மருந்து வேலை செய்யவில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். புற்று செத்த இடத்தில் நிற்கும் தழும்பும் படத்தில் கட்டியைப்போலவே தெரியும். பரவவில்லை, சிஏ 19-9 இறங்குகிறது, எடை நிற்கிறது என்றால் சர்ஜன் திறந்து பார்க்கவே முடிவு செய்யலாம். கடைசிக் கீமோவுக்கும் ஆப்பரேஷனுக்கும் இடையே பொதுவாக 4 முதல் 8 வாரம். அந்த இடைவெளியில் தினமும் நடங்கள், புரதத்தை விடாதீர்கள்.

செம்பனைக் குலை வெட்டுபவரோ பால்மரம் சீவுபவரோ வேலையைத் தானாக விட்டு நின்றுவிட வேண்டாம். 2023 முதல் தீபகற்ப மலேசியாவில் நடப்பிலுள்ள வேலைச் சட்டத் திருத்தப்படி, மருத்துவமனைச் சிகிச்சைக்கு ஆண்டுக்கு 60 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, சாதாரண எம்.சி. (மருத்துவ விடுப்பு) நாள்கள் தனி. எம்.சி. தாள்களைப் பத்திரப்படுத்துங்கள், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோவின் இயலாமை உதவித்தொகைக்கு வழி இருக்கிறதா என்று வேலையில் இருக்கும்போதே விசாரியுங்கள்.