ஒரு நாளைக் கூட்டுவதா, 24 மணி நேரத்தைக் கூட்டுவதா?

நியூயார்க் பயனர்களுக்கான நினைவூட்டல் நேரங்களை நான் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில்தான் கணக்கிடுகிறேன். நியூயார்க்கில் 2024 மார்ச் 10 அதிகாலை 2 மணி அடிக்க வேண்டிய நேரத்தில், கோடை நேரத்துக்கு மாறுவதற்காக, கடிகாரம் 3-க்குத் தாவியது. மார்ச் 9 நண்பகல் 12-உடன் '1 டே' இன்டர்வெல்லை (கால இடைவெளியை)க் கூட்டினால் மறுநாள் நண்பகல் 12 வரும். '24 ஹவர்ஸ்' கூட்டினால் பிற்பகல் 1. மாத்திரை நினைவூட்டலுக்கு முன்னது, மணிக்கணக்கு வாடகைக்குப் பின்னது.

நேரத்தை வைக்கும் நெடுவரிசையின் வகை 'டைம்ஸ்டாம்ப் வித் டைம் ஸோன்' ஆக இருக்கட்டும். கூட்டுமுன் செஷனின் (தரவுத்தள இணைப்பின்) டைம் ஸோனை 'அமெரிக்கா/நியூயார்க்' என்று வையுங்கள். கடிகாரம் தாவாத உலகப் பொது நேரமான யுடிசியில் விட்டால் இரண்டுக்கும் ஒரே விடைதான். 'இஎஸ்டி' (கிழக்கு அமெரிக்காவின் குளிர்கால நேரம்) வேண்டவே வேண்டாம், அது கோடையிலும் யுடிசிக்கு 5 மணி நேரம் பின்னாலேயே நிற்கும்.

அப்புறம், பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்: அந்த நெடுவரிசை டைம் ஸோனைச் சேமிக்காது. பயனரின் ஸோனுக்குத் தனி நெடுவரிசை வையுங்கள்.