பூசணிக்காய்க்குள் என்ன இருந்தது? வார்கிராஃப்ட் கிளாசிக்கைப் படித்து விளையாட ஒரு செய்முறை

பத்துப் பூசணிக்காய். சாலையோரம் நின்ற காவலன் கேட்டது அவ்வளவுதான். பக்கத்துப் பண்ணைக்குள் புகுந்து, குறுக்கே வந்த விவசாயிகளை அடித்துப் போட்டுவிட்டு, காய்களைப் பறித்துக்கொண்டு போய் ஊரில் இருந்த மருந்துக்காரரிடம் கொடுத்தேன். அவர் ஒரு காயில் எதையோ கலந்து திருப்பித் தந்து, விடுதியின் நிலவறையில் இருக்கும் ஒருவனிடம் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். எக்ஸ்.பி. (அனுபவப் புள்ளி) ஏறியது. அடுத்த வேலைக்கு ஓடிவிட்டேன்.

பல மாதம் கழித்து இரண்டாவது கேரக்டரை வளர்க்கும்போதுதான் அந்தக் குவெஸ்ட்டின், அதாவது ஆட்டத்தில் தரப்படும் அந்த வேலையின், வசனத்தை முழுசாகப் படித்தேன். நிலவறையில் இருந்தவன் கைதி. காய்க்குள் போனது மருந்துக்காரர் புதிதாகக் காய்ச்சிக்கொண்டிருந்த கொள்ளைநோய். ஏதோ சாப்பாடு கொண்டுபோகும் வேலை என்று நினைத்து நான் செய்தது, மனிதன் மேல் விஷச் சோதனை.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணையக் கணினி விளையாட்டு 2004 நவம்பரில் வந்தது. அதன் பழைய வடிவத்தையே 2019 ஆகஸ்டில் ‘கிளாசிக்’ என்று மறுபடி திறந்துவிட்டார்கள். இப்படிப்பட்ட வேலைகள் அதில் நிறைய உண்டு. யாரும் ஒளித்துவைக்கவில்லை, எல்லாம் எழுத்தில் அப்படியே இருக்கிறது. நாம்தான் படிப்பதில்லை. புதிதாக விளையாட வருகிறவர்கள் இவற்றைத் தவறவிடாமல் இருக்க நான் பின்பற்றும் முறை இது.

படி 1: அமைப்புகளைச் சரிசெய்யுங்கள்

ஆட்டத்தின் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் ‘இன்ஸ்டன்ட் குவெஸ்ட் டெக்ஸ்ட்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். வசனம் கொஞ்சம் கொஞ்சமாகத் தோன்றும், கண்ணும் அதன் பின்னாலேயே போகும். அப்புறம், எங்கே போக வேண்டும் என்று மேப்பில் புள்ளி வைத்துக் காட்டும் ஆட்-ஆன்கள் (ஆட்டத்தோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்கள்). நல்ல வசதிதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் முதல் கேரக்டருக்கு வேண்டாம். புள்ளி தெரிந்துவிட்டால் வசனத்தைப் படிக்கக் காரணமே இல்லாமல் போய்விடும்.

படி 2: ஃபர்சேக்கன் இனத்தில் தொடங்குங்கள்

ஃபர்சேக்கன் என்றால் செத்துப்போய், பிணமாகவே மறுபடி எழுந்து நடமாடுகிறவர்கள். அவர்களது பகுதியான டிரிஸ்ஃபாலில், ஐந்தாறு லெவல் ஏறியதும் பிரில் என்ற சிற்றூருக்குப் போவீர்கள். மருந்துக்காரர் ஜோஹான் அங்கேதான் நிற்பார். நாய் ரத்தம், மீன்மனிதர்களின் செதில், சிலந்தி விஷம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். எல்லா ஆட்டத்திலும் வருகிற சேகரிப்பு வேலை மாதிரியே இருக்கும். கடைசியில் ஒரு கலவையைக் கையில் கொடுத்து, பிடித்துவைத்திருக்கும் ஒரு குள்ளர் வீரனுக்குக் கொடுத்துவிட்டு வரச் சொல்வார். பூசணிக்காய் வேலை தனி. அது போய்ச் சேரும் கைதி ‘ஸ்கார்லெட்’ படையைச் சேர்ந்த மனிதன்.

அந்த இரண்டு கைதிகளுக்கும் சொந்தப் பெயர்கூடக் கிடையாது. தலைக்கு மேல் ‘பிடிபட்ட மலைவீரன்’, ‘பிடிபட்ட வெறியன்’ என்ற பொருளில் இரண்டு சொல் மிதக்கும், அவ்வளவுதான். வேலை கொடுப்பவருக்குப் பெயரும் பதவியும் இருக்கும். வேலை யார் மேல் விழுகிறதோ அவனுக்கு வெறும் வகைப்பெயர். இதை ஒரு தடவை கவனித்துவிட்டால் ஆட்டம் முழுக்க இதுவே கண்ணில் படும்.

படி 3: வசனத்தில் எதைத் தேடுவது

வேலை கேட்பவர் ஏன் தானே செய்யவில்லை என்று முதலில் பாருங்கள். மற்ற கேள்விகள் எல்லாம் இதற்கு அடுத்துதான். கால் ஊனம், வயது, ஓநாய் பயம் என்று நேர்மையான காரணம் ஏதாவது இருந்தால் சரி. காரணமே சொல்லாமல் பொருளை மட்டும் கேட்டால், பேனாவை எடுத்துப் பொருளைக் குறித்துக்கொள்ளுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வரிசையாக எழுதினால்தான் தெரியும்.

இதற்கு டஸ்க்வுட் என்ற பகுதியில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் குவெஸ்ட் சங்கிலியைவிட நல்ல பயிற்சி இல்லை. மனிதர் இனத்தில் இன்னொரு கேரக்டர் தொடங்கி, இருபதுகளின் பின்பாதி லெவலில் அங்கே போங்கள். ரேவன் ஹில் இடுகாட்டுப் பக்கம் ஒரு குடிசை. அதில் ஏபர்கிராம்பி என்ற தனிமைக் கிழவர். அவர் கேட்பதை என் நோட்டில் இப்படி எழுதி வைத்திருந்தேன்:

பேயின் தலைமுடியில் திரித்த நூல். பிணவீச்சம் அடிக்கும் பூவில் இறக்கிய சாராயம். பிணந்தின்னிகளின் விலா எலும்பு. ஓகர் அரக்கர்கள் தூக்கிப்போன பெட்டி.

நான்கையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் வயிற்றைப் பிசையும். ஒவ்வொன்றுக்கும் இடையே அரைமணி நேரம் நடந்துகொண்டிருந்த எனக்குப் பிசையவில்லை. கடைசியாக ஒரு கடிதத்தை டார்க்‌ஷையர் ஊரின் மேயரிடம் கொடுக்கச் சொன்னார். மேயருக்கு அது புரியாமல் ஒரு பெண்ணிடம் அனுப்பி மொழிபெயர்க்கச் சொல்ல, அவள் எழுதி முடிக்கும்வரை நாம் நின்று காத்திருக்க வேண்டும். எழுதி வந்ததைக் கொண்டுபோய் மேயரிடம் கொடுத்தால் கிழவர் பிணங்களைப் பதப்படுத்துகிறவர் என்பது வெளிவரும். அதற்குள் நாம் சுமந்துகொடுத்த பொருளால் தைத்த ‘ஸ்டிச்சஸ்’ என்ற பிணப்பூதம் சாலை வழியாக ஊரை நோக்கி நடக்கத் தொடங்கியிருக்கும். வழியில் ஊர்க்காவல் படையினர் ஒவ்வொருவராக விழுவார்கள். முந்தின நாள் எனக்கு வேலை கொடுத்த ஊர் அது.

இந்தச் சங்கிலியில் என் மனதில் நின்றது ஸ்டிச்சஸ் இல்லை. பிளைண்ட் மேரி. ஊருக்குத் தெற்கே பாழடைந்த வீட்டில் இருக்கும் பேய். நூலுக்குத் தேவையான முடி அவளுடையது. அவள் எதிர்க்கவில்லை, விலை கேட்கவில்லை. முடியைக் கொடுத்துவிட்டு, தன்னிடமிருந்த சீப்பை ஊரில் உள்ள குறிசொல்லும் கிழவியிடம் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்கிறாள். நான்கு வரி வசனம் இருக்குமா? பெரும்பாலோர் அதைக் கிளிக் செய்து தள்ளிவிட்டுப் போவார்கள். அவள் முடி எதற்குப் பயன்பட்டது என்று அவளிடம் போய்ச் சொல்ல ஆட்டத்தில் வழியே இல்லை.

படி 4: முடித்த இடத்துக்குத் திரும்பிப் போங்கள்

குவெஸ்ட் முடிந்ததும் ஒரு தடவை நடந்துபோய்ப் பாருங்கள். பலர் ஒரே உலகில் விளையாடுவதால் எதுவும் மாறியிருக்காது. அடுத்த ஆட்டக்காரருக்காக அதே கைதி அதே நிலவறையில் நிற்பான், அடுத்த பூசணிக்காய் வரும். பேரன்ஸ் சமவெளியில் மான்கிரிக் என்ற ஆர்க் இன வீரன், காணாமல்போன மனைவியைத் தேடித்தரச் சொல்வான். நீங்கள் அவள் உடலைக் கண்டுபிடித்துச் செய்தி சொன்ன பிறகும் அவன் அடுத்து வருபவனிடம் அதையே கேட்டுக்கொண்டிருப்பான். அந்த உடல் கிடக்கும் இடம் தெரியாமல் “மான்கிரிக் பொண்டாட்டி எங்கே?” என்று பொது அரட்டையில் கேட்பது அந்தக் காலத்து நிரந்தர நகைச்சுவை. நானும் சிரித்திருக்கிறேன்.

படி 5: ‘அபாண்டன்’ பொத்தானைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்த ஆட்டத்தில் ‘மாட்டேன்’ என்று பேசி மறுக்கும் வசனம் அநேகமாகக் கிடையாது. ஏற்கலாம், ஏற்காமல் விடலாம், ஏற்றதைப் பாதியில் கைவிடலாம். குவெஸ்ட் பட்டியலைத் திறந்து, பெயரைத் தேர்ந்தெடுத்தால் கீழே அந்தப் பொத்தான் இருக்கும்.

அது போதாது என்று வாதிட்டவர் ரிச்சர்ட் பார்ட்டில். 1978-ல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கிய மட் என்ற முதல் பலர்-ஆடும் எழுத்து உலகை அவருடன் சேர்ந்து உருவாக்கியவர். இதே ஆட்டத்துக்கு 2008-ல் வந்த ‘ராத் ஆஃப் தி லிச் கிங்’ என்ற விரிவாக்கத்தில் அவர் ஒரு குவெஸ்ட்டில் மாட்டிக்கொண்டார். போரியன் டண்ட்ராவில் ஆம்பர் லெட்ஜ் என்ற இடம். அங்கே நார்மாண்டிஸ் என்ற நூலகர், கட்டிப்போட்ட ஒரு மந்திரவாதியைக் காட்டி, எங்கள் சங்க விதிப்படி நாங்கள் இப்படிச் செய்யக் கூடாது, நீங்கள் வெளியாள், உங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்று சொல்லி ஓர் ஊசிக்கருவியைக் கையில் திணிப்பார். கைதி பேசும்வரை குத்த வேண்டும். வேலை கேட்பவர் ஏன் தானே செய்யவில்லை என்ற கேள்விக்கு இவ்வளவு அப்பட்டமான பதிலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

முடியாது என்று சொல்ல ஏதாவது வழி இருக்கும் என்று தேடியதாகவும், இல்லாததுதான் பிரச்சினை என்றும் பார்ட்டில் எழுதினார். வெறும் விளையாட்டு, இதில் கொல்வதையே தினமும் செய்கிறோமே என்று எதிர்ப்பும் வந்தது. எனக்கு அந்த எதிர்வாதம் ஒட்டவில்லை. ஓநாயைக் கொல்லும்போது யாரும் ‘எங்கள் கை சுத்தமாக இருக்க வேண்டும், நீ செய்’ என்று சொல்வதில்லை.

ஆனால் கைவிடுவதும் இலவசமில்லை. அந்த மந்திரவாதி பேசினால்தான் சிறைப்பட்டிருக்கும் லேடி எவனோர் எங்கே என்று தெரியும், அவளை மீட்கும் அடுத்தடுத்த குவெஸ்ட்கள் திறக்கும். குத்தாவிட்டால் அவள் அங்கேயேதான் இருப்பாள். நான் இரண்டையும் செய்யவில்லை. குவெஸ்ட்டை ஏற்றேன், முடிக்கவில்லை, கைவிடவும் இல்லை. அந்த ஊசி என் கேரக்டரின் பையில் ஓர் இடத்தை அடைத்துக்கொண்டு இன்னும் கிடக்கிறது.