நாத்திகர், அக்னாஸ்டிக், அக்கறையற்றவர்: நாம் குழப்பிக்கொள்ளும் இடங்கள்

கடவுளைப் பற்றிப் பேச்சு வருகிறது. ஒருவர், "இருக்காரா இல்லையான்னு தெரியலப்பா" என்கிறார். உடனே அவருக்கு மதில்மேல் பூனை என்று பட்டம் கிடைத்துவிடுகிறது. ஆத்திகத்துக்கும் நாத்திகத்துக்கும் நடுவே ஒரு சுவர், அதன்மேல் இவர் உட்கார்ந்திருக்கிறார், என்றைக்காவது ஒரு பக்கம் குதித்துத்தான் தீருவார் என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். இந்தச் சுவர்தான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து முளைத்தவை.

நடுவில் சுவரே இல்லை. இருப்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். கடவுள் இருப்பதாக நம்புகிறீர்களா என்பது ஒன்று. நம்பவில்லை என்பவர் நாத்திகர். இருக்கிறாரா இல்லையா என்பதை மனிதரால் அறிந்து சொல்ல முடியுமா என்பது இன்னொன்று. முடியாது என்பவர், அல்லது இதுவரை யாரும் அறிந்ததாகத் தெரியவில்லை என்பவர் அக்னாஸ்டிக். அவருடைய நிலைப்பாட்டைத் தமிழில் அறியவியலாமைக் கொள்கை என்கிறார்கள். இதெல்லாம் உங்களுக்கு ஒரு பொருட்டா என்பது மூன்றாவது. இல்லை என்று தோளைக் குலுக்குகிறவர் அக்கறையற்றவர். கேள்விகள் வேறு என்பதால் ஒரே ஆள் இரண்டு பெயருக்கும் பொருந்தலாம். "நான் நம்பவில்லை, ஆனால் என்னால் நிரூபிக்க முடியாது" என்பவர் நாத்திகர், அக்னாஸ்டிக் இரண்டும்தான். "அறிவுக்கு எட்டாது, ஆனாலும் நம்புகிறேன்" என்கிற பக்தரும் உண்டு. அவரை எந்தச் சுவரில் உட்காரவைப்பது?

அக்னாஸ்டிக் என்றால் தயங்குகிறவர், துணிச்சல் இல்லாதவர் என்று நினைப்பவர்கள் அந்தச் சொல் பிறந்த கதையைக் கேட்க வேண்டும். 1869இல் அதை உருவாக்கியவர் தாமஸ் ஹக்ஸ்லி. டார்வினின் கொள்கைக்காக மேடையேறிச் சண்டைபோட்ட ஆங்கிலேய உயிரியலாளர், தயக்கத்துக்குப் பேர்போனவர் அல்லர். லண்டனில் அவர் சேர்ந்திருந்த தத்துவ விவாதக் கழகத்தில் ஆளாளுக்கு ஏதோ ஒரு கொள்கைப் பெயர் இருந்ததாம். தனக்கு மட்டும் இல்லாததால் வாலறுந்த நரி மாதிரி உணர்ந்ததாக 1889இல் எழுதிய கட்டுரையில் சொல்கிறார். அதனால் தனக்கென ஒரு வாலைச் செய்துகொண்டார். அது ஒரு மதக்கோட்பாடு அல்ல, ஒரு வழிமுறை என்பதையும் அதே கட்டுரையில் தெளிவாக்கினார்: ஆதாரம் எதுவரை கொண்டுபோகிறதோ அதுவரை போ, நிரூபிக்கப்படாததை உறுதி என்று சொல்லாதே. பூனை இன்னும் முடிவெடுக்கவில்லை. ஹக்ஸ்லி முடிவெடுத்துவிட்டார்.

ஒரு வேடிக்கை. அந்தச் சொல்லுக்குள் இருக்கும் கிரேக்கச் சொல்லும் நம் 'ஞானம்' என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. முன்னால் இருக்கும் 'அ' இன்மையைக் குறிப்பது. எழுத்துக்கு எழுத்து பெயர்த்தால் 'அஞ்ஞானி' என்று வந்து நிற்கும்! இது வெறும் சொல்விளையாட்டும் அல்ல. புத்தர் காலத்தில் சஞ்சய பேலட்டிபுத்தர் என்று ஒருவர் இருந்தார். மறுவுலகம் உண்டா என்று கேட்டால் உண்டென்றும் சொல்லமாட்டார், இல்லையென்றும் சொல்லமாட்டார், இரண்டுமென்றும் இரண்டுமில்லையென்றும்கூடச் சொல்லமாட்டார். இப்படிப்பட்டவர்களின் கொள்கைக்கு அஞ்ஞானவாதம் என்றே பெயர். பௌத்த மரபு அவர்களை விலாங்குபோல் நழுவுகிறவர்கள் என்று கேலி செய்தது. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு என்று நாமும் சொல்கிறோமே, அதே ஏச்சு. பூனைப் பட்டத்துக்கு இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் வயது.

நாத்திகர் பக்கம் வேறொரு தவறு. "கடவுள் இல்லை என்று உங்களால் நிரூபிக்க முடியுமா?" என்று மடக்கிவிட்டு, வென்றுவிட்டதாக நினைப்பது. இல்லை என்று அடித்துச் சொல்லும் நாத்திகர் உண்டு. நம்புவதற்குக் காரணம் கிடைக்கவில்லை, அதனால் நம்பவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்ளும் நாத்திகரும் உண்டு. இரண்டாமவரிடம் அந்தக் கேள்வி செல்லுபடியாகாது. பிரிட்டிஷ் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரசல் 1947இல் இதை அழகாகக் கையாண்டார். தத்துவம் படித்தவர்கள் கேட்டால் தன்னை அக்னாஸ்டிக் என்பாராம், ஏனென்றால் முடிந்த முடிவாக நிரூபிக்க வழியில்லை. தெருவில் போகிற சாதாரண மனிதர் கேட்டால் நாத்திகர் என்றுதான் சொல்லவேண்டும் என்றார். ஹோமர் பாடிய பழைய கிரேக்கக் கடவுள்கள் இல்லை என்பதையும்தான் நிரூபிக்க முடியாது, அதற்காக யாரும் அந்த விஷயத்தில் தன்னை அக்னாஸ்டிக் என்று அழைத்துக்கொள்வதில்லையே!

நாத்திகர் என்றால் மதமே இல்லாதவர் என்ற எண்ணமும் எப்போதும் பொருந்தாது. பழைய நூல்களைப் படிக்கும்போது இதில் கட்டாயம் இடறுவோம். நாஸ்தி என்றால் 'இல்லை'. எது இல்லை? மனுஸ்மிருதியின்படி நாத்திகன் என்பவன் வேதத்தை இகழ்பவன். அளவுகோல் வேதம், கடவுள் அல்ல. அதனால்தான் படைப்புக் கடவுளுக்கு இடம் தராத பழைய சாங்கியம், மீமாம்சை என்ற இரண்டு இந்தியத் தத்துவ மரபுகளும் வேதத்தை ஏற்பதால் ஆத்திகப் பட்டியலில் இருக்கின்றன. ஆன்மா, வினை, மறுபிறப்பு எல்லாவற்றையும் ஏற்று, கடுமையான துறவையும் கடைப்பிடிக்கும் சமணம் நாத்திகப் பட்டியலில் இருக்கிறது. இன்றைய பொருளை அந்தச் சொல்லில் ஏற்றிப் படித்தால் தலைகீழாகத்தான் புரியும்.

மதச்சார்பின்மையையும் இதோடு சேர்த்துப் பிசைவது இன்னொரு வழக்கம். அது அரசு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது பற்றியது. தீவிர பக்தர் ஒருவர் தாராளமாக அதன் பக்கம் நிற்கலாம்.

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுபவர் அக்கறையற்றவர்தான் என்று எனக்குப் படுகிறது. அவர் சத்தம் போடுவதில்லை, அதனால் இரண்டு பக்கமும் அவரைத் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2023இல் எடுத்த கணக்கில் வயது வந்தவர்களில் 28 சதவீதம் பேர் எந்த மதத்தையும் சாராதவர்கள். இந்த எண்ணைப் பார்த்ததும் நாத்திகம் பெருகிவிட்டது என்று சிலர் மகிழ்கிறார்கள், சிலர் பதறுகிறார்கள். உள்ளே பார்த்தால் அந்த 28இல் தன்னை நாத்திகர் என்று சொன்னவர்கள் 17 சதவீதம், அக்னாஸ்டிக் என்றவர்கள் 20. மீதி 63 சதவீதம் பேர் 'குறிப்பாக எதுவும் இல்லை' என்றவர்கள். அவர்கள் எல்லாரும் அக்கறையற்றவர்கள் என்றும் எழுதிவிட முடியாது. ஏதோ ஒரு சக்தியை நம்புகிறவர்களும் அதில் இருக்கிறார்கள்.

நாளைக் காலை மறுக்கவே முடியாத ஆதாரம் ஒன்று கிடைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். நாத்திகர் தன் முடிவை மாற்றியாக வேண்டும். அறியவே முடியாது என்றிருந்தவருக்கு அறிய முடிந்ததே பெரிய அதிர்ச்சி. அக்கறையற்றவர் "அப்படியா" என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். கடவுள் உண்டு என்று ஏற்கெனவே அரைகுறையாக நம்பிக்கொண்டு, அதைப் பற்றி யோசிக்காமலே வாழ்கிறவராகவும் அவர் இருக்கலாம். அவரிடம் போய் ஆதாரங்களை அடுக்குவது வீண்வேலை.

ஒருவரைக் கடைசிவரை ஒரே பெயரில் கட்டிப்போடுவதும் கூடாது. 1879இல் டார்வினிடம் அவருடைய நம்பிக்கை என்ன என்று ஒருவர் கடிதத்தில் கேட்டார். தன் எண்ணம் அடிக்கடி ஊசலாடுகிறது என்று பதில் எழுதினார் டார்வின். எந்த ஊசலாட்டத்திலும் கடவுளை மறுக்கும் நாத்திகராகத் தான் இருந்ததில்லை; வயது ஏற ஏற, அக்னாஸ்டிக் என்பதே தன் மனநிலைக்குப் பொருத்தமான சொல்லாகப் படுகிறது என்றார். அந்த வாக்கியத்துக்குள்ளும் ஒரு சிறு நிபந்தனை செருகியிருந்தார்: பொதுவாக அப்படித்தான், எப்போதும் அல்ல.