டு போடுவதா, இங் போடுவதா? நான்கு படிகளில் முடிவெடுக்கலாம்

ஆங்கிலத்தில் "ஐ வாண்ட் கோயிங்" என்று யாரும் எழுதுவதில்லை. சறுக்குவது "லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ", "சஜஸ்டட் மீ டு கோ" போன்ற இடங்களில்தான். இன்ஃபினிட்டிவா ("டு கோ" போல டு சேர்ந்த வினை) ஜெரண்டா ("கோயிங்" போல இங் சேர்ந்த வினை) என்ற குழப்பம் வந்தால், நூறு வினைச்சொற்கள் கொண்ட பட்டியலைத் தேடி ஓடாமல் கீழே உள்ள வரிசையில் சோதியுங்கள்.

படி 1: முன்னால் பிரிபொசிஷன் இருக்கிறதா?

இன், அட், ஆஃப், ஃபார், வித்தவுட், ஆஃப்டர் போன்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்பவைதான் பிரிபொசிஷன். அவை வந்தால் இங்தான். "குட் அட் டிராயிங்", "வித்தவுட் டெல்லிங் மீ". பட், எக்ஸெப்ட் இரண்டும் தனிக்கதை, இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

படி 2: அந்த "டு" எந்த டு?

பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. டு சில இடங்களில் பிரிபொசிஷனாகவும் வரும். கண்டுபிடிக்க, டுவுக்குப் பின்னால் "இட்" போட்டுப் பாருங்கள். "ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்" சரியாக நிற்கிறது. "ஐ வாண்ட் டு இட்" நிற்கவில்லை. நின்றால் அது பிரிபொசிஷன், எனவே இங்: "ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ". "சந்திக்க ஆவலாக இருக்கிறேன்" என்று தமிழில் நினைத்து எழுதுவதால்தான் "டு மீட்" வந்து விழுகிறது. "அப்ஜெக்ட் டு"வும் இதே வகை.

"யூஸ்ட் டு" இரண்டு பக்கமும் நிற்கும். "ஐ யூஸ்ட் டு லிவ் அலோன்" என்றால் முன்பு தனியாக வசித்தேன், இப்போது இல்லை. "ஐ ஆம் யூஸ்ட் டு லிவிங் அலோன்" என்றால் தனியாக இருந்து பழகிவிட்டது. பழகிவிட்டது என்ற பொருளில் யூஸ்டுக்கு முன்னால் ஆம், இஸ், வாஸ், காட் ஏதாவது இருந்தால் இங்.

படி 3: ஸ்டாப், ரிமெம்பர், ஃபர்கெட், டிரை

இவற்றோடு இரண்டும் வரும், பொருள்தான் மாறும். இங்கே தமிழே கைகொடுக்கும்.

பேசுவதை நிறுத்தினார்: ஸ்டாப்ட் டாக்கிங்.
பேசுவதற்காக நின்றார்: ஸ்டாப்ட் டு டாக்.
பூட்ட மறந்துவிட்டேன்: ஃபர்காட் டு லாக்.
பூட்டியது ஞாபகம் இருக்கிறது: ரிமெம்பர் லாக்கிங்.

"பூட்ட" என்று இனிமேல் செய்ய வேண்டியதைச் சொன்னால் டு. "பூட்டியது" என்று நடந்து முடிந்ததைச் சொன்னால் இங். டிரையில், திறக்க முயன்றால் "டிரைட் டு ஓப்பன்". வேறு வழி சரிப்படுகிறதா என்று செய்து பார்த்தால் இங்: ஃபோன் உறைந்துவிட்டதா, "டிரை ரீஸ்டார்ட்டிங் இட்".

படி 4: மற்றதெல்லாம் அகராதி

மூன்றாம் படியின் தமிழ்ச் சோதனையை மற்ற வினைகளுக்கும் நீட்டிக்காதீர்கள், காலை வாரிவிடும். "லீவு எடுக்கச் சொன்னார்" என்பதை "ஹி சஜஸ்டட் மீ டு டேக் லீவ்" என்று எழுதினால் தவறு. "ஹி சஜஸ்டட் டேக்கிங் லீவ்" இலக்கணப்படி சரி, ஆனால் யார் லீவு எடுப்பது என்பது தெளிவாகாது. ஆளைச் சொல்ல வேண்டுமென்றால் "ஹி சஜஸ்டட் தட் ஐ டேக் லீவ்", அல்லது வினையையே மாற்றி "ஹி அட்வைஸ்ட் மீ டு டேக் லீவ்". மறுப்பதிலும் இதே வம்பு உண்டு: பணம் தர மறுத்தால் "ரிஃப்யூஸ்ட் டு பே", பணத்தை எடுக்கவே இல்லை என்று மறுத்தால் "டினைட் டேக்கிங் தி மணி".

ஆங்கிலம்-தமிழ் அகராதிகள் பெரும்பாலும் பொருளோடு நின்றுவிடும். இதற்கு அவை உதவாது. லாங்மேன் அல்லது ஆக்ஸ்ஃபோர்ட் லேர்னர்ஸ் அகராதியை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். "அவாய்ட்" என்று தேடினால் "அவாய்ட் டூயிங் சம்திங்" என்று அமைப்பையே காட்டும். அதை அப்படியே எழுதிவைத்துப் பழகுங்கள். முதலில் எஞ்ஜாய், ஃபினிஷ், அவாய்ட், மைண்ட் (இங்). டிசைட், ஹோப், பிராமிஸ், மேனேஜ் (டு) போதும்.

ஸ்டார்ட், பிகினோடு எதைப் போட்டாலும் சரிதான். ஆனால் "இட் இஸ் ஸ்டார்ட்டிங் ரெயினிங்" என்று இரண்டு இங்கை அடுக்காதீர்கள். "ஸ்டார்ட்டிங் டு ரெயின்" என்பதே வழக்கு. லைக்கோடும் இரண்டும் வரும், "வுட் லைக்" என்றால் மட்டும் டுதான்.

அடிக்கடி வரும் சந்தேகம்: லெட், மேக்கில் எது? இரண்டும் இல்லை. "லெட் மீ கோ", "ஹி மேட் மீ வெயிட்". ஆனால் மேக்கைச் செயப்பாட்டுவினையாக மாற்றினால் டு திரும்பி வந்துவிடும்: "ஐ வாஸ் மேட் டு வெயிட்".