சாப்பிட்ட இடத்திலேயே பாட்டிலை நிரப்புங்கள்

கன்னியாகுமரி, திற்பரப்பு, மாத்தூர் தொட்டிப்பாலம் என்று சுற்றக் கிளம்பினால், ஆளுக்கு ஒரு ஒற்றைச் சுவர் எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் ஹோட்டலில் சுடுதண்ணீர் கேட்டு நிரப்பிக்கொள்ளலாம். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் சாப்பாட்டோடு சீரகமோ பதிமுகம் என்ற மரச்சீவலோ போட்ட சுடுதண்ணீர் வைப்பது வழக்கம்தான், கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பிளாஸ்க் வேண்டாம், அதில் சூடு ஆறாது.

நன்றாகக் கொதித்த தண்ணீரில் நோய்க்கிருமிகள் பிழைக்காது. நான்கு பேர் ஆளுக்கு 2 லிட்டர் குடித்தால், கடையில் வாங்கும் பாட்டில் தண்ணீர் லிட்டர் 20 ரூபாய் என்ற கணக்கில் 160 ரூபாய் மிச்சம். அதைவிட, 8 காலி பாட்டில்கள் கரையில் விழாது. மூடி கடலில் மிதக்கும். பாட்டிலின் பெட் பிளாஸ்டிக் தண்ணீரைவிடக் கனமானது, உள்ளே நீர் புகுந்ததும் அடியில் போய்த் தங்கிவிடும். நம் மீனவர்கள் வலை போடும் கடல் அது.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. சூடு குறையட்டும் என்று சில இடங்களில் பச்சைத்தண்ணீர் கலந்து விடுவார்கள். அதனால் ஆவி பறந்தால் மட்டும் பிடியுங்கள், வெதுவெதுப்பாக இருந்தால் வேண்டாம். பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் சுடுதண்ணீர் ஊற்றவே கூடாது, நெளிந்துவிடும். கடலோரத்தில் தண்ணீர் உப்புக் கரித்தால் இந்த வழி உதவாது, கொதித்தாலும் உப்பு போகாது. அப்போது சின்னச் சின்ன பாட்டில்களை விட்டுவிட்டு, 5 லிட்டர் கேன் ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொள்ளுங்கள்.